ஒட்டுத் தெரியும் சுவர்கள்: இங்கிலாந்தின் பழைய பங்குக் கோவிலைப் படிக்கப் பழகுவோம்

இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் மேட்டுநிலத்தில் வாரம் பெர்சி என்று ஒரு கிராமம் இருந்தது. 1500ஆம் ஆண்டை ஒட்டி, பயிர் விளைந்த நிலமெல்லாம் ஆட்டு மேய்ச்சலுக்குப் போய்விட, மிச்சமிருந்த குடும்பங்களும் வெளியேறின. வீடுகள் இருந்த இடங்கள் இன்று புல் மூடிய மேடுகள். அந்தப் பழைய ஊரின் மிச்சமாக நிற்பது கூரை போன ஒரு கிறிஸ்தவக் கோவில் மட்டும்தான்.

அந்தக் கோவிலின் பக்கச் சுவரில் வரிசையாகக் கல் வளைவுகள் தெரிகின்றன. வளைவு என்றால் அதற்குள் நுழைந்து போக வேண்டும். இங்கே நுழைய முடியாது. வளைவுகளுக்குள் கல்லடுக்கி அடைத்துவிட்டார்கள். எதற்காக ஒருவர் வளைவு கட்டுவார், பிறகு எதற்காக அதை அடைப்பார்?

ஊர் பெருத்தபோது கோவிலில் இடம் போதவில்லை. பக்கச் சுவரைக் குடைந்து வளைவுகள் வைத்து, அதற்கு அப்பால் ஒரு பக்கக்கூடத்தைச் சேர்த்தார்கள். பிறகு ஊர் மெலிந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கு ஆளும் இல்லை, பழுதுபார்க்கப் பணமும் இல்லை. பக்கக்கூடத்தை இடித்துவிட்டு வளைவுகளை அடைத்துக்கொண்டார்கள். 1950 முதல் 1990 வரை, நாற்பது ஆண்டுகள் கோடைதோறும் அங்கே அகழாய்வு நடந்தது. பத்தாம் நூற்றாண்டில் சிறியதாகத் தொடங்கிய கோவில் எப்படிப் பெருத்து, எப்படிச் சுருங்கியது என்பதை அதில் படிப்படியாகத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. அந்த ஊரின் ஏற்ற இறக்கம் முழுவதும் அந்தச் சுவரில் இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதும் இதுதான். பழைய பங்குக் கோவிலை ஒரே நாளில் ஒரே மனிதர் வரைந்து கட்டிய கட்டடமாகப் பார்க்காதீர்கள். ஓர் ஊர் எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகளாக இடித்து, சேர்த்து, அடைத்து, பூசி, மறுபடி சுரண்டி வைத்திருக்கும் பொருள் அது. ‘எந்த ஆண்டு கட்டியது?’ என்ற கேள்விக்கு அங்கே ஒற்றைப் பதில் கிடையாது. அழகான இடங்களைவிடப் பொருந்தாத இடங்களைத் தேடுங்கள். ஒட்டுத் தெரியும் இடத்தில்தான் கதை இருக்கிறது.

பங்கு என்றால்

ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள எல்லைக்குப் பங்கு என்று பெயர். அந்த எல்லைக்குள் பிறந்தவருக்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அந்தக் கோவிலில்தான். விளைச்சலில் பத்தில் ஒரு பாகமும் அந்தக் கோவிலுக்கே போகும். இதுதான் தசமபாகம். 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் பெரும்பாலான பங்குகளின் எல்லைகள் நிலைத்துவிட்டன. இன்றைக்கும் இங்கிலாந்துத் திருச்சபையிடம் ஏறத்தாழ 16,000 கோவில்கள் உள்ளன. அவற்றில் ஆயிரக்கணக்கானவை இடைக்காலத்துக் கற்களின் மேல் நிற்பவை.

அடிப்படை அமைப்பு எளியது: இரண்டு அறைகள். மேற்கே மக்கள் கூடும் பெரிய கூடம். ஆங்கிலத்தில் அதை நேவ் என்பார்கள். நாம் நடுக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே பலிபீடம் இருக்கும் சிறிய அறை. அதற்கு சான்சல் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு. கோபுரம் பெரும்பாலும் மேற்கு முனையில் இருக்கும். பலிபீடம் கிழக்கே இருப்பதால், திசைகாட்டி இல்லாமலே திசை தெரிந்துவிடும்.

நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது பங்கு மக்களின் கடமை. சான்சலைப் பழுதுபார்ப்பது தசமபாகம் வாங்குபவரின் கடமை. 13ஆம் நூற்றாண்டிலேயே இப்படிப் பொறுப்பைப் பிரித்துவிட்டார்கள். பிரித்தது கட்டடத்தில் அப்படியே தெரியும். கம்பளி வியாபாரத்தில் ஊர் செழித்திருந்தால் நடுக்கூடம் உயர்ந்து, அகன்று, வெளிச்சமாக இருக்கும். அதை ஒட்டிய சான்சல் மட்டும் பழைய காலத்துக் குள்ளக் கட்டடமாகவே நிற்கும். தசமபாகத்தை வாங்கியது தொலைவில் இருந்த ஏதோ ஒரு துறவற மடமாக இருந்திருக்கலாம். அவர்களுக்கு இந்த ஊர்ச் சான்சலில் அக்கறை இருந்திருக்காது. இந்தக் கடமை வெறும் பழங்கதை அல்ல. வாரிக்‌ஷையரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரின் சான்சலைப் பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்ற வழக்கு இங்கிலாந்தின் உச்சகட்ட நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. பழைய பொறுப்பு ஒட்டிக்கொண்டிருந்த நிலத்தை இப்போது வைத்திருப்பவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று 2003இல் தீர்ப்பானது.

மிகப் பழைய கோவில் எப்படி இருக்கும் என்று பார்க்க டர்ஹம் பகுதியில் உள்ள எஸ்கம் நல்ல இடம். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. ஒடுக்கமான, உயரமான ஒரு கூடம். அதற்குக் கிழக்கே ஒரு சின்னச் சதுர அறை. அவ்வளவுதான். சுவர்க் கற்கள் பக்கத்தில் இருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையிலிருந்து வந்தவை. ஒரு கல்லில் ரோமானியப் படையின் ஆறாம் பிரிவைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கின்றன, தலைகீழாக. கல்லைத் தூக்கி வைத்தவருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியவில்லையோ, தெரிந்தும் பொருட்படுத்தவில்லையோ! கல் அளவாக இருந்தது, வைத்துவிட்டார்.

ஒட்டுகளை எங்கே தேடுவது

முதலில் வெளியே நின்று கோபுரத்தின் கிழக்கு முகத்தைப் பாருங்கள். இன்றைய கூரைக்கு மேலே, கூரான கூம்பு வடிவில் ஒரு கல் வரி பல கோவில்களில் தெரியும். பழைய கூரை அங்கேதான் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடுக்கில் மழைநீர் இறங்காமலிருக்க வைத்த கல் விளிம்பு அது. நாணல், வைக்கோல், மரச்சில்லு வேய்ந்த கூரை சரிவாக இருந்தால்தான் தண்ணீர் வடியும். பின்னாளில் வசதி வந்து ஈயத் தகடு போட்டபோது சரிவு தேவைப்படவில்லை. பக்கச் சுவர்களை உயர்த்தி, மேலே ஒரு வரிசை சன்னல் வைத்து, தட்டையான கூரை போட்டுவிட்டார்கள். பழைய கூரை போய்விட்டது. அதன் நிழல் மாதிரி அந்தக் கல் வரி மட்டும் நிற்கிறது.

உள்ளே போய் நடுக்கூடத்துக்கும் பக்கக்கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரைக் கவனியுங்கள். வளைவுகளுக்கு மேலே சில கோவில்களில் ஒரு சிறிய பழைய சன்னல் இருக்கும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறையைப் பார்க்கும் சன்னல்! யாரும் வீட்டுக்குள் அப்படிச் சன்னல் வைப்பதில்லை. ஒரு காலத்தில் அது வெளிச்சுவர். பக்கக்கூடம் சேர்க்கும்போது சுவரை முழுவதும் இடிக்கவில்லை. மேல்பகுதியை அப்படியே நிறுத்தி, கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, தூணும் வளைவும் செருகினார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதும் பூசை நிற்கவில்லை. இதை முதலில் புரிந்துகொண்டபோது அந்தக் கொத்தனார்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. தலைக்கு மேலே பல டன் சுவர் நிற்க, அதன் அடியில் கல்லை உருவி எடுத்துத் தூண் நிறுத்துவது சாதாரண காரியமா?

அப்புறம் வளைவுகளின் வடிவம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நூற்றாண்டுக்கும் மேலாக அரைவட்ட வளைவுதான் வழக்கம். தடித்த தூண், தடித்த சுவர், சின்னச் சன்னல், வளைவைச் சுற்றிக் கோணல்மாணலாக ஓடும் பல்வரிசைச் செதுக்கல். ஹெரிஃபோர்ட்‌ஷையரில் 1140 வாக்கில் கட்டிய கில்பெக் கோவிலில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். அங்கே கூரை விளிம்புக்குக் கீழே சுற்றிலும் நாயும் முயலும் விசித்திர முகங்களுமாகக் கற்தலைகள் வரிசைகட்டி நிற்கின்றன.

அரைவட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதன் உயரம் எப்போதும் அகலத்தில் பாதி. அகலம் வேறுபட்டால் உயரமும் வேறுபடும். கூர்மையான வளைவில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே அகலத்துக்கு எந்த உயரமும் வைக்கலாம். பாரத்தை அது பக்கவாட்டில் தள்ளுவதும் குறைவு, கீழ்நோக்கி இறக்குவது அதிகம். மிச்சமுள்ள தள்ளலை வெளியே நிற்கும் முட்டுச்சுவர்கள் தாங்கிக்கொள்ளும். சுவர் மெலியலாம், சன்னல் பெருக்கலாம். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய இந்த மாற்றம் அடுத்த முந்நூறு ஆண்டுகளில் சுவரையே கண்ணாடியாக்கிவிட்டது.

1817இல் தாமஸ் ரிக்மன் என்ற கட்டடக்கலைஞர் இந்தக் காலகட்டங்களுக்குப் பெயர் வைத்தார். நார்மன், ஏர்லி இங்கிலிஷ், டெக்கரேட்டட், பெர்பெண்டிகுலர் என்ற அந்தப் பெயர்களைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். புதிதாகப் பார்ப்பவர் சன்னலை வைத்தே பிரித்துவிடலாம். ஈட்டி முனை போல ஒல்லியான சன்னல்கள் தனித்தனியாகவோ மூன்று மூன்றாகவோ நின்றால் ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டு. மேல்பகுதியில் கல் இலையாகவும் தீநாக்காகவும் வளைந்து ஓடினால் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கல்தண்டுகள் கீழிருந்து மேல்வரை நேராக, வளைவைத் தொடும்வரை ஏறினால் அது பெர்பெண்டிகுலர். 14ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சன்னல் சொல்வது சன்னலின் வயதை மட்டும்தான், சுவரின் வயதை அல்ல. 12ஆம் நூற்றாண்டுச் சுவரில் 15ஆம் நூற்றாண்டுச் சன்னலைச் செருகியிருப்பார்கள். சன்னலைச் சுற்றியுள்ள கற்கள் மற்ற சுவரோடு வரிசை சேராமல் கலைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கலைந்திருந்தால் பிற்காலத்தில் செருகியது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கட்டடமே சொல்லும். சஃபோக் பகுதியின் லாங் மெல்ஃபோர்ட் கோவிலை 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துணி வியாபாரிகள் கிட்டத்தட்ட முழுவதும் புதிதாகக் கட்டினார்கள். மேல்சன்னல் வரிசைக்கு வெளியே, கூரை ஓரத்தில், ‘இன்னாருடைய ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். இதை வெறும் பெருமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மோட்சம் போகும் முன் ஆன்மா தன் பாவங்களுக்காக வேதனைப்படும் இடம் உத்தரிக்கிற ஸ்தலம். அங்கே தாங்கள் படும் வேதனையின் காலம், உயிரோடு இருப்பவர்களின் செபத்தால் குறையும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்தக் கற்கள் இன்னும் நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

சிறிய அடையாளங்களைத் தவறவிடாதீர்கள். ஞானஸ்நானத் தொட்டி பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள கட்டடத்தைவிடப் பழையதாக இருக்கும். கோவிலை மாற்றிக் கட்டினாலும், தாத்தாவும் பாட்டனும் ஞானஸ்நானம் பெற்ற தொட்டியை மாற்ற மனம் வராது. அதன் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடங்களில் கல் பெயர்ந்தோ, ஈயம் அடைத்தோ, துண்டுக் கல் ஒட்டியோ இருக்கலாம். மூடியைப் பூட்டிய இரும்பு வளையங்கள் இருந்த இடம் அது. மந்திரித்த தண்ணீரைச் சூனியத்துக்குத் திருடிப் போகிறார்கள் என்ற பயத்தில், தொட்டிகளைப் பூட்டி வைக்கும்படி 1236இல் கேன்டர்பரி பேராயர் கட்டளையிட்டார். பின்னாளில் வளையங்களைப் பிடுங்கியபோது கல்லும் சேர்ந்து பெயர்ந்தது.

தெற்குச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டக் கீறலும் நடுவே ஒரு குழியும் தெரிந்தால் அது பூசை நேரம் காட்டிய வெயில் கடிகாரம். குழியில் ஒரு குச்சியைச் செருகினால் நிழல் கோட்டின் மேல் விழும். பக்கக்கூடத்தின் சுவரில் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், வடிகால் துளையோடு ஒரு மாடக்குழி இருந்தால், அதன் பக்கத்தில் ஒரு காலத்தில் பலிபீடம் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். குருவானவர் கிண்ணம் கழுவிய இடம் அது. பீடம் போய் நானூற்றைம்பது ஆண்டு ஆகியிருக்கும். குழி மட்டும் இருக்கும்.

பல கோவில்களில் வாசலருகே, இதுவரை இருந்த குருக்களின் பெயர்களை ஆண்டோடு எழுதிய பலகை ஒன்று தொங்கும். 1349க்கு நேரே பாருங்கள். பல ஊர்களில் அந்த ஒரே ஆண்டில் பெயர் மாறியிருக்கும், சில ஊர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை. கொள்ளைநோய் நாடு முழுக்கப் பரவிய ஆண்டு அது. சாகக்கிடந்தவர்களுக்குக் கடைசி ஆசீர் கொடுக்கப் போனவர்கள் அவர்கள்.

எங்கும் போகாத படிக்கட்டு

புதியவர்களை மிகவும் குழப்புவது இதுதான். சான்சல் வளைவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு குட்டி வாசல் இருக்கும். உள்ளே ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சுழல் படிக்கட்டு. ஏறினால் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் இன்னொரு வாசலில் கொண்டுபோய் விடும். அந்த வாசலுக்கு வெளியே ஒன்றும் இருக்காது. காலை வைத்தால் கீழே விழ வேண்டியதுதான்.

அந்த வாசலுக்கு வெளியே முன்பு ஒரு பரண் இருந்தது. நடுக்கூடத்தையும் சான்சலையும் பிரிக்கும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரத்தட்டி, அதன் மேல் பரண், பரணுக்கு மேலே பாடுபட்ட சுரூபம். சிலுவையின் ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் இயேசுவின் சீடர் அருளப்பர் (யோவான்). அதற்குப் பின்னால் வளைவுக்கு மேலே உலகத் தீர்ப்பு நாளின் ஓவியம்: ஒரு பக்கம் மோட்சம், ஒரு பக்கம் நரகம். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர் ஞாயிறுதோறும் வாழ்நாள் முழுக்கப் பார்த்த காட்சி அது. மெழுகுவர்த்தி ஏற்றவும் பாடவும் அந்தப் படிக்கட்டில் ஏறிப் போனார்கள்.

எட்டாம் ஹென்றியின் மகன், புராட்டஸ்டண்ட் ஆன ஆறாம் எட்வர்ட் அரசனான 1547ஐத் தொடர்ந்து சுரூபங்களை எல்லாம் இறக்கச் சொன்னார்கள். 1553இல் வந்த கத்தோலிக்க அரசி மேரி திரும்ப வைக்கச் சொன்னார். 1558இல் வந்த புராட்டஸ்டண்ட் அரசி எலிசபெத் மறுபடி இறக்கச் சொன்னார். 1561இல் பரணை இடிக்க வேண்டும், கீழேயுள்ள தட்டி இருக்கலாம் என்று ஓர் ஆணை வந்தது. அதனால்தான் பல ஊர்களில் தட்டி நிற்கிறது, படிக்கட்டு நிற்கிறது, பரண் மட்டும் இல்லை.

டெவன் பகுதியின் மோர்பாத் என்ற சின்ன ஊரில் கிறிஸ்டஃபர் டிரிக்கே என்ற குருவானவர் 1520 முதல் 1574 வரை இருந்தார். நான்கு ஆட்சிகளையும் பார்த்தவர். கோவில் கணக்கை அவரே எழுதி வைத்தார். எட்வர்ட் காலத்தில் கோவில் பொருட்கள் ஒவ்வொன்றாகப் போனது அந்தக் கணக்கில் இருக்கிறது. மேரி வந்ததும் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்ததும் இருக்கிறது. சட்டத்தின் மொழியில் ‘சீர்திருத்தம்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுவது, ஓர் ஊரின் கணக்கில் ஆடையாகவும் விளக்காகவும் கம்பளி காசாகவும் தெரிகிறது. இந்த மாதிரிக் கணக்குகளைப் படிக்காமல் கட்டடத்தை மட்டும் பார்ப்பது பாதிப் படிப்புதான்.

ஊரில் சொல்லும் கதைகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சஃபோக்கின் பிளைத்பரா கோவில் கூரையில் மரத்தால் செய்த வானதூதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் ஈயக் குண்டுகள் இருந்தன. 1644இல் சுரூபம் உடைக்க வந்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்டதென்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். டௌசிங் பல கோவில்களில் உடைத்ததற்கு அவரே எழுதிய நாட்குறிப்பு சாட்சி. ஆனால் இந்தக் குண்டுகள் வேறு கதை. உள்ளே கூடு கட்டிய காக்கைகளைச் சுட மருந்தும் குண்டும் வாங்கிய செலவு 18ஆம் நூற்றாண்டுக் கோவில் கணக்கில் இருக்கிறது.

சுண்ணாம்புக்கு அடியில்

கடைசி அடுக்கு 19ஆம் நூற்றாண்டு. இன்று நாம் காணும் பழைய கோவில் என்ற தோற்றத்தில் பெரும்பகுதி அப்போது உருவானது. வெறும் கல் தெரியும் உட்சுவர் நமக்குப் பழமையாகத் தோன்றும். உண்மையில் இடைக்காலத்தில் உள்ளே காரை பூசி, வண்ணம் தீட்டியிருந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று இருந்திருக்கும். விக்டோரியா காலத்துப் பழுதுபார்ப்பாளர்கள் அந்தக் காரையைச் சுரண்டிக் கல்லைக் காட்டினார்கள். ஓவியமும் சுரண்டலோடு போனது. தங்களுக்குப் பிடித்த காலத்துப் பாணியில் எல்லாவற்றையும் திருத்தினார்கள். ஒட்டுகளை மறைத்தார்கள் என்பதுதான் என் பெரிய வருத்தம். இதைத் தடுக்கத்தான் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழுதைச் சரிசெய்யுங்கள், பழமையாக வேடம் போட வேண்டாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. சரி, அந்தப் பழுதுபார்ப்பாளர்கள் இல்லாமல் போயிருந்தால் பல கோவில்கள் இடிந்தே விழுந்திருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர்கள் கையால் தற்செயலாகக் கிடைத்ததும் உண்டு. சஃபோக்கின் வென்ஹாஸ்டன் ஊர்க் கோவிலில் சான்சல் வளைவை மரப்பலகைகளால் அடைத்து, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். 1892இல் பழுதுபார்க்கும்போது அதைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். அன்றிரவு மழை பெய்தது. காலையில் சுண்ணாம்பு கரைந்திருந்த இடங்களில் முகங்கள் தெரிந்தன. முழுவதும் கழுவியபோது, 1500ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய உலகத் தீர்ப்பு ஓவியம் வெளியே வந்தது. கிறிஸ்து வானவில்லின் மேல் அமர்ந்திருக்கிறார். தராசில் ஆன்மாவை நிறுக்கிறார்கள். ஒரு மூலையில் திமிங்கிலம் போல வாய் பிளந்த நரகம்.

அந்தப் பலகைகள் இப்போது கோவிலுக்குள்ளேயே இருக்கின்றன. ஓவியத்தின் நடுவே வண்ணம் படாத வெற்று மரம் மூன்று இடங்களில் தெரிகிறது. நடுவில் பெரிய சிலுவை வடிவம், இருபுறமும் நிற்கும் இரண்டு உருவங்களின் வடிவம். பாடுபட்ட சுரூபமும் மாதாவும் அருளப்பரும் பலகையோடு ஒட்டி நின்ற இடம் அது. ஓவியர் அவற்றைச் சுற்றித்தான் வண்ணம் தீட்டினார்.